திருநம்பிகளுக்கான ஹார்மோன் சிகிச்சை: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

திருத்தணியை அடுத்து, ஆந்திர எல்லை ஓரத்தில் இருக்கும் அம்மையார்குப்பம் தறி ஓடும் ஊர். அப்படிப்பட்ட ஓர் ஊரில் நம்முடைய வீடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் 20 வயதுப் பெண் பிள்ளை. ஒரு நாள் இரவு தாயின் அருகில் வந்து உட்கார்ந்து, "அம்மா, என்னால பொண்ணா வாழ முடியல. சின்ன வயசுலேர்ந்தே மனசுல நான் ஆம்பளைதான். ஊசி போட்டுக்கப் போறேன். அத்தாகிட்ட நீங்கதாம்மா சொல்லணும்" என்கிறது.

அந்தத் தாய் என்ன செய்வார்? அழுவார். ஓதிப் பார்க்கச் சொல்வார். சிலர் அடிப்பார்கள். சிலர் அவசரமாக மாப்பிள்ளை தேடுவார்கள். 'ஊசி' என்று பிள்ளை சொன்னது என்ன, அது உடலை என்ன செய்யும், அதை யார் போட வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. இதைப் பேச நமக்குக் கூச்சம். ஆனால் நாம் பேசாவிட்டால் பிள்ளை வேறு எங்கோ கேட்கும். அங்கே கிடைக்கும் பதில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவமும் சட்டமும் சொல்வதையும், மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடுகளையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

திருநம்பி என்பவர் யார்?

பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழ்பவரைத் திருநம்பி என்கிறோம். திருநங்கைகளை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். திருநம்பிகள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. பெண் பிள்ளையாக வளர்வதால் வீட்டுக்குள்ளேயே அடங்கி இருப்பதும், வெளியேற வழி இல்லாததும் அதற்குக் காரணங்கள்.

இது மனநோயா என்று பலர் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், இந்த நிலை மனநோய்களின் பகுதியிலிருந்து நீக்கப்பட்டு, பாலியல் நலம் தொடர்பான பகுதியில் வைக்கப்பட்டுள்ளது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு சில நிலைகளும் உண்டு. பெண்ணுக்கு முகத்தில் ரோமம் வளர்வதும் மாதவிடாய் தள்ளிப்போவதும் பெரும்பாலும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் வருபவை. பிறவியிலேயே உறுப்பமைப்பிலோ குரோமோசோமிலோ வேறுபாடு உள்ளவர்களும் இருக்கிறார்கள். இவர்களைத்தான் ஃபிக்ஹு நூல்கள் 'குன்ஸா' என்று தனியாகப் பேசுகின்றன. எந்தப் பிள்ளைக்கு எந்த நிலை என்பதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டாரோ தாயத்துக் கட்டுபவரோ சொல்லும் காரியம் அல்ல.

ஊசிக்கு முன்னால் நடக்க வேண்டியவை

திருநம்பிகளுக்குக் கொடுக்கப்படும் மருந்து டெஸ்டோஸ்டிரோன். ஆணின் உடலில் அதிகமாகவும் பெண்ணின் உடலில் மிகக் குறைவாகவும் இயல்பாகவே சுரக்கும் ஹார்மோன் அது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. நம் நாட்டில் பொதுவாக 18 வயது நிறைந்தவர்களுக்கே, அவர்களின் சொந்த ஒப்புதலோடு இது தொடங்கப்படுகிறது.

முதலில் மனநல மருத்துவர் பேசுவார். ஒரே சந்திப்பில் முடிவு செய்ய மாட்டார். இந்த உணர்வு எத்தனை காலமாக இருக்கிறது, மனச்சோர்வு போன்ற வேறு சிரமங்கள் உண்டா, சிகிச்சையின் விளைவுகள் இன்னின்னவை என்று புரிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். அதன்பிறகு ஹார்மோன் சிகிச்சையில் பயிற்சி பெற்ற நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், இரத்த அணுக்களின் அளவு, கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதிப்பார். கர்ப்பம் இல்லை என்பதும் உறுதி செய்யப்படும். கர்ப்ப காலத்தில் இந்த மருந்து கருவைப் பாதிக்கும்.

பின்னாளில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிட வேண்டும். கருமுட்டையை உறையவைத்துச் சேமிக்கும் வசதி இருக்கிறது, செலவு அதிகம்.

இதற்கெல்லாம் தனியார் மருத்துவமனைதான் போக வேண்டும் என்பதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே தனிப் பிரிவு செயல்படுகிறது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் உண்டு. அம்மையார்குப்பத்திலிருந்து பஸ்ஸில் திருத்தணி வந்து ரயில் பிடித்தால், சென்னை மருத்துவமனை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

உடலில் என்ன மாறும்?

மருந்து பெரும்பாலும் தசையில் போடும் ஊசி. சில வகைகளை 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறையும், நீண்ட நாள் வேலை செய்யும் வகையைச் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறையும் போடுவார்கள். தோலில் தடவும் ஜெல்லும் உண்டு.

மாற்றம் ஒரே வாரத்தில் வராது. முதல் 6 மாதங்களுக்குள் பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்றுவிடும். தோலில் எண்ணெய்ப் பசை கூடும், முகப்பரு வரும். ஓராண்டுக்குள் குரல் கனக்கத் தொடங்கும். தாடியும் மீசையும் மெதுவாக முளைக்கும். முழுமையாக வளர 4, 5 ஆண்டுகள் ஆகலாம். தசை கூடும், உடலில் கொழுப்பு தங்கும் இடம் மாறும்.

இவற்றில் சில திரும்பக்கூடியவை, சில திரும்பாதவை. மருந்தை நிறுத்தினால் மாதவிடாய் பெரும்பாலும் திரும்ப வரும், தசையும் கொழுப்பும் பழைய நிலைக்குப் போகும். கனத்த குரல் மீண்டும் மெலியாது. முளைத்த தாடியும், சிலருக்கு ஏற்படும் வழுக்கையும் அப்படியே இருக்கும். வளர்ந்துவிட்ட மார்பு இந்த மருந்தால் மறையாது, உயரமும் கூடாது. அவசரம் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

மாதவிடாய் நின்றதும் கர்ப்பமே தரிக்காது என்று நினைப்பதும் தவறு. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல. கேரளத்தைச் சேர்ந்த சஹத் என்ற திருநம்பி, குழந்தை பெறுவதற்காக ஹார்மோன் சிகிச்சையை நிறுத்திவைத்து, 2023 பிப்ரவரியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தை பெற்ற செய்தி பலருக்கு நினைவிருக்கும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இந்த மருந்து இரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும். அளவுக்கு மீறிக் கூடினால் இரத்தம் தடித்துக் கட்டிப்போகும் அபாயம் உண்டு. கெட்ட கொழுப்பும் இரத்த அழுத்தமும் ஏறலாம். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு உள்ளவர்களுக்கு அது மோசமாகலாம். இதனால்தான் முதல் ஆண்டில் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்து மருந்தின் அளவைச் சரிசெய்கிறார்கள். முறையாகக் கண்காணித்தால் இவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

கண்காணிப்பு இல்லாமல் போடுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த குப்பி, சீட்டு இல்லாமல் வாங்கிய மருந்து, நண்பர் போட்டுவிட்ட ஊசி, இருவர் பகிர்ந்துகொண்ட சிரிஞ்சு என்று போகும்போது மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம். சீக்கிரம் தாடி வர வேண்டும் என்று இரண்டு பங்கு போட்டுக்கொள்பவர்களும் உண்டு. கூடுதலாகப் போட்டால் மாற்றம் சீக்கிரம் வராது. மிகையான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடல் பெண் ஹார்மோனாகவே மாற்றிவிடும்.

ஒரு பிள்ளை ஏன் இப்படி மறைவாகப் போகிறது? பெரும்பாலும் வீட்டுக்குப் பயந்துதான். இதை ஒவ்வொரு பெற்றோரும் யோசிக்க வேண்டும்.

மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவோம். மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு கவுன்சில் 1989இல் எடுத்த முடிவின்படி, உறுப்பமைப்பு தெளிவாக ஆணாகவோ பெண்ணாகவோ உள்ளவரை மறுபாலாக மாற்றுவது கூடாது. உறுப்பமைப்பு இரண்டும் கலந்திருப்பவருக்கு, மேலோங்கி இருக்கும் பாலின் பக்கம் சிகிச்சை செய்வது கூடும். சுன்னத் வல் ஜமாஅத் உலமாக்களில் பெரும்பாலோரின் நிலை இதுவே. எகிப்தில் 1988இல் அல்அஸ்ஹர் மாணவர் ஒருவரின் அறுவை சிகிச்சை பெரும் விவாதமானபோது, அன்றைய தலைமை முஃப்தி முஹம்மது செய்யித் தன்தாவி, வெறும் விருப்பத்துக்காக மாறுவதையும், மருத்துவர் தேவை என்று சொல்லும் சிகிச்சையையும் வேறுபடுத்திப் பேசினார். ஈரானில் இமாம் கொமைனி 1980களில் கொடுத்த ஃபத்வாவின் அடிப்படையில் இந்தச் சிகிச்சை அனுமதிக்கப்படுகிறது.

நாம் இங்கே ஃபத்வா கொடுக்கவில்லை. அதற்குரிய ஆலிம்களிடம், மருத்துவ அறிக்கையோடு போய்க் கேட்பதுதான் முறை. ஆனால் ஒன்றில் கருத்து வேறுபாடு இல்லை. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று. இரத்த உறவைத் துண்டிப்பது பெரும் பாவம். சிகிச்சை கூடாது என்று உறுதியாக நம்பும் தகப்பனுக்கும் பிள்ளையைத் தெருவில் விட மார்க்கம் அனுமதி தரவில்லை.

சட்டம் சொல்வது

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநர்களின் அடிப்படை உரிமைகளை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், திருநர் என்பதற்காகப் பிள்ளையை வீட்டை விட்டு வெளியேற்றுவதையும் துன்புறுத்துவதையும் குற்றமாக்கியது. தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. ஹார்மோன் சிகிச்சை உள்ளிட்ட மருத்துவ வசதிகளை அரசு ஏற்படுத்த வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. அடையாளச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப்பட்டது. விதிமுறைகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'மாற்றிக் காட்டுகிறோம்' என்று மின்சார அதிர்ச்சியும் மயக்க மருந்தும் கொடுப்பவர்களிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று அளித்த உத்தரவில் இத்தகைய 'சிகிச்சை'யைத் தடைசெய்யச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது.

ஒரு விமானியின் கதை

கேரளத்தைச் சேர்ந்த ஆதம் ஹாரி 2017இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர். அவர் திருநம்பி என்று தெரிந்ததும் குடும்பத்தார் ஊருக்கு வரவழைத்து, வீட்டுக்குள் அடைத்துவைத்ததாக அவரே ஊடகங்களிடம் சொல்லியிருக்கிறார். 19 வயதில் கையில் ஒன்றுமில்லாமல் வெளியேறினார். பிறகு கேரள அரசு உதவித்தொகை கொடுத்து விமானப் பயிற்சிக்கு அனுப்பியது. ஹார்மோன் சிகிச்சையில் இருப்பதைக் காரணம் காட்டி விமானப் போக்குவரத்துத் துறை அவருக்கு மருத்துவத் தகுதி தர மறுத்தது. பெரும் விவாதத்துக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் அந்தத் துறை, திருநர்களையும் பரிசோதித்துத் தகுதி வழங்கும் வழிமுறைகளை வெளியிட்டது.

விமானம் ஓட்டும் அளவுக்குப் படிக்கவைத்த பிள்ளையை ஒரே நாளில் இழந்தது ஒரு குடும்பம். படித்த பிள்ளை என்பதால் அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது முடியுமா?

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளை சொல்லும்போது முதலில் முழுவதும் கேளுங்கள். அன்றைக்கே ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. "நீ எங்க பிள்ளை, எதுவானாலும் எங்களுக்குத் தெரியாம ஊசி போட்டுக்காதே, டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்" என்று சொன்னாலே பாதி ஆபத்து நீங்கிவிடும். படிப்பை நிறுத்தாதீர்கள். கட்டாயக் கல்யாணம் செய்துவைக்காதீர்கள். அது இரண்டு குடும்பங்களின் வாழ்க்கையைக் கெடுக்கும். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் உடனே 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

முடிவு எதுவாக இருந்தாலும், பிள்ளை அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. நம் வீடுகளில் எந்தப் பிள்ளையும் பயந்து மறைந்து வாழாமல் இருக்க அல்லாஹ் நமக்குப் பொறுமையையும் தெளிவையும் தருவானாக. ஆமீன்.