கறை வேறு, சொத்தை வேறு

பல் மருத்துவரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், மாணவர்களே, உங்களுள் சிலர் உங்களை அறியாமலே கன்னத்தைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். குறடும் ஊசியும் நினைவுக்கு வருவது இயல்பே. நம்மவர் பெரும்பாலோர் பல் மருத்துவரை நாடுவது வலி பொறுக்க முடியாத நாளில்தான். அந்த நிலையில் பல்லைக் களைவதைத் தவிர வேறு வழி பல சமயங்களில் இருப்பதில்லை. ஆகவே, பல் மருத்துவர் என்பவர் பல்லைப் பிடுங்குபவர் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது.

நான் வாழும் சித்தேரி மலையில் இந்த நிலைக்குத் தக்க காரணமும் உண்டு. மலையை விட்டிறங்கி அரூர் சென்று மீள்வதென்றால் ஒரு நாள் வேலை கெடும். வலிக்காத பல்லுக்காக ஒரு நாள் கூலியை இழப்பானேன் என்று இங்குள்ளோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண, நம் தருமபுரி மாவட்டத்துப் பற்களின் கதையை முதலில் அறிய வேண்டும்.

வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளில் நம் மாவட்டத்துப் பள்ளிகளில் ஒரு காட்சியைக் காணலாம். படம் பிடிப்பவர் சிரிக்கச் சொல்வார். பிள்ளைகள் சிலர் உதட்டை இன்னும் இறுக மூடிக்கொள்வர். முன்பற்களில் உள்ள மஞ்சளும் பழுப்புமான கறையே காரணம். "பல் துலக்காத சோம்பேறி" என்று பிறர் ஏசுவர். ஏச்சுக்கு அஞ்சிய பிள்ளை செங்கற்பொடியையும் அடுப்புக்கரியையும் எடுத்துத் தேய்க்கும். கறையோ போகாது. பல்லின் மேற்பூச்சாகிய பற்சிப்பி மட்டும் தேயும்.

ஏன் போகவில்லை? அக்கறை பல்லின் மேல் படிந்தது அன்று. பல் உருவாகும்போதே அதனுள் அமைந்தது. நம் பகுதியின் பாறைகளில் புளோரின் சேர்ந்த கனிமங்கள் உள்ளன. ஆழத்து நீர் நெடுங்காலம் அப்பாறைகளோடு கிடந்து புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு வேண்டாம் என்பது இந்திய தர நிர்ணயம். வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம். அளவு மிகுந்த நீரைக் குழந்தை ஏறத்தாழ எட்டு வயதுக்குள் பருகி வந்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் சிப்பி சரிவர இறுகாது. அப்பல் முளைக்கும்போதே வெண்கோடுகளுடனோ பழுப்புத் திட்டுகளுடனோ வெளிவரும். பற்சிப்பி முற்றிய பிறகு அந்நீரைப் பருகினால் பல்லில் இந்தக் கறை தோன்றாது. ஆனால் பல்லாண்டுகள் பருகினால் எலும்பும் மூட்டும் இடர்ப்படும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய இழுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901-இல் தொழில் செய்யச் சென்ற மெக்கே என்ற பல் மருத்துவர், அவ்வூரார் பலருக்கும் பல் பழுத்திருக்கக் கண்டு வியந்தார். காரணத்தைத் தேடினார், தேடினார், முப்பது ஆண்டுகள் தேடினார். 1931-இல்தான் நீரிலுள்ள புளோரைடே காரணம் என்று வேதியியலார் கண்டனர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் பரவியிருந்ததை 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். மூன்று தலைமுறைகளாக அறிவியல் அறிந்த செய்தியை நம் ஊர்ப் பிள்ளை இன்னும் தன் சோம்பலின் சின்னமாக எண்ணி நாணுவது எனக்குப் பெருவருத்தம் தருகிறது.

இனிக் கூலி பற்றிய வினாவுக்கு வருவோம். கறை எல்லாம் ஒன்றல்ல. புளோரைடுக் கறை பல் முளைத்த நாள்முதல் இருப்பது. இடப்பக்கத்துப் பல்லில் உள்ளதுபோலவே வலப்பக்கத்து இணைப்பல்லிலும் பெரும்பாலும் இருக்கும். பற்காரை என்பது பின்னாளில் படிவது; ஈற்றோரத்தில், சிறப்பாகக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில், கல்லாக இறுகி ஈற்றைப் புண்ணாக்குவது. சொத்தையோ இரண்டினும் வேறு. நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்க, அவ்வமிலம் பற்சிப்பியை அரித்துக் குழியாக்குகிறது. கடைவாய்ப்பல்லின் பள்ளங்களிலும் பல்லிடுக்குகளிலும் அது ஒளிந்து தொடங்கும். தொடக்கத்தில் வலி சிறிதும் இராது. ஆண்டுக்கணக்கில் கறையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சொத்தையும் கறையாகவே தோன்றுமன்றோ? நம் மாவட்டத்தார் வலி வருமுன்னரே பல்லைக் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான்.

சோதனையில் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. சாயும் நாற்காலியில் அமர்த்துவர். மருந்து ஒவ்வாமை உண்டா, காயம்பட்டால் இரத்தம் நிற்கத் தாமதமாகுமா, வேறு நோய் உண்டா என்று கேட்பர்; மறைக்காமல் சொல்லுங்கள். பின்னர்ச் சிறு கண்ணாடியும் மெல்லிய ஆய்வுக்கோலும் கொண்டு பல் ஒவ்வொன்றையும் ஈற்றையும் நாவையும் பார்ப்பர். "முப்பத்தாறில் சொத்தை" என்று மருத்துவர் உதவியாளரிடம் சொல்லக் கேட்டால் திடுக்கிடாதீர்கள். முப்பத்திரண்டு பல் உள்ள வாயில் முப்பத்தாறாவது ஏது என்று மயங்குவீர்கள்! வாயை நான்கு பகுதியாக்கி எண்ணும் முறை அது. மூன்று என்பது கீழ் இடப்பகுதி; ஆறு என்பது நடுவிலிருந்து ஆறாவது பல். ஆறு வயதளவில் முளைக்கும் அந்தக் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்று கருதிப் பெற்றோர் பலர் கைவிடுகின்றனர். அது விழுந்து முளைக்கும் பல் அன்று. ஐயம் இருப்பின் எக்ஸ் கதிர்ப் படமும் எடுப்பர், நொடிப்பொழுது வேலை.

பற்காரையை அதிரும் கருவியால் நீர் பீய்ச்சி அகற்றுவர். சற்றுக் கூச்சமும் இரத்தக் கசிவும் இருக்கும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது ஊர்ப்பேச்சு. காரை நீங்கியதும் அது மறைத்திருந்த இடைவெளி தெரிகிறது, அவ்வளவே. மேற்பல்லை எடுத்தால் கண் கெடும் என்பதும் பொய். பார்வை நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு.

சொத்தை சிப்பியளவில் நின்றிருந்தால் சுரண்டி அடைத்துவிடலாம். பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். பல்லின் நடுவிலுள்ள நரம்புக்கூழ் வரை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை வேண்டும். வேர்க்குழாயைத் தூய்மை செய்து அடைத்து, தேவையாயின் மேலே உறையிடுவர். அதற்குப் பலமுறை வரவேண்டியிருக்கலாம், செலவும் மிகுதி. அதையும் கடந்தால் களைவதே வழி. ஒரு நாள் கூலிக்கு அஞ்சியவர் நான்கு நாள் கூலியையும் பல்லையும் இழக்கிறார்.

ஊசியைப் பற்றி ஒரு சொல். 1943-இல் சுவீடனில் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெயின் என்னும் மருந்தே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. குத்தும்போது சிறு வலி. பின்னர் அவ்விடம் மரத்துப்போகும். உதடு இரண்டு மூன்று மணி நேரம் உணர்வற்றிருக்கும். அதற்குள் உண்டு உதட்டைக் கடித்துக்கொள்ளாதீர்கள். பல் களைந்த பின் வைத்த பஞ்சை அரை மணி நேரமேனும் இறுகக் கடித்திருங்கள். அன்று முழுவதும் வாயை வேகமாகக் கொப்புளிக்கவோ உமிழவோ வேண்டாம். உறைந்த இரத்தமே அந்தப் புண்ணுக்கு மூடி.

புளோரைடுக் கறைக்கும் வழி உண்டு. மெல்லிய கறையைச் சிப்பியின் மேற்பரப்பில் நூலிழையளவு தேய்த்து மங்கச் செய்வர். ஆழ்ந்த கறையைப் பல்நிற மெழுக்காலோ உறையாலோ மறைப்பர். எல்லாருக்கும் இது தேவையில்லை. கறை படிந்த பல்லும் கடிக்கும், மெல்லும்.

இளையோர்க்குக் கறை வாராமல் காப்பது நீர்தான். காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பானியக் கடனுதவியுடன் 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013-இல் தொடங்கப்பெற்றது. வீட்டில் கைக்குழந்தை இருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு அந்நீரைக் கொடுங்கள். நீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்ட அதன் செறிவு கூடும். ஆனால் பற்பசையிலுள்ள புளோரைடு சொத்தையைத் தடுக்கும் நண்பன். சிறு பிள்ளைக்குப் பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு துலக்குவோரைத் தடுக்கமாட்டேன். செங்கற்பொடியை மட்டும் விடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்பது பொதுவழக்கு. வாயின் நிலைக்கேற்ப மருத்துவர் அதனைக் கூட்டியோ குறைத்தோ சொல்வார். கல்லூரிக்காக வெளியூர் செல்வோர், எட்டு வயது வரை எவ்வூரில் எந்த நீரைப் பருகி வளர்ந்தீர்கள் என்பதை அங்குள்ள மருத்துவரிடம் கேளாமலே சொல்லுங்கள். கறையின் காரணம் அவருக்கு அப்பொழுதே விளங்கிவிடும்.