சட்டம் குழாய் போட்டது, தூர்வாருவது யார்?

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் ஏறக்குறைய 1.3 லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய பதினொன்றில் பிடிக்கும் அளவு இது. இருந்தும் கோடையில் லாரிக்குக் காத்திருக்கிறோம்.

1990-களின் நடுவில் இயற்பியலாளர் சேகர் ராகவன் பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று, 'நிலத்தடி நீரை எடுத்துக்கொண்டே போனால் கடல்நீர் உள்ளே புகும். மழைநீரை மண்ணுக்குள் இறக்குங்கள்' என்று எடுத்துச் சொன்னார். தலையாட்டியவர்கள் பலர், செய்தவர்கள் சிலர். 2002-ல் மந்தைவெளியில் ரெயின் சென்டர் தொடங்கப்பட்டு, செய்முறையை மக்கள் கண்ணால் பார்க்க வழி பிறந்தது. 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கெடு தேதியும், குடிநீர் இணைப்பு போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்தபோது நகரமே குழாய் பொருத்தியது. வரப்போகும் லாபத்தைவிடக் கையில் இருப்பதை இழப்பதே மனிதரை அதிகம் உறுத்தும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதியிருந்தார்கள்.

ஆனால் கெடு ஒருமுறைதான் வரும். தூர்வாருவதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. மண் அடைத்த வடிகட்டித் தொட்டி யார் கண்ணிலும் படுவதில்லை. போதாததற்கு, நம் மாடி மழை பக்கத்து வீட்டு போர்வெல்லுக்கும் போகும். 'நான் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?' என்ற கேள்வி எழுவது இயல்பு. பொதுவளங்களை ஆராய்ந்து 2009-ல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் இதற்கு விடை தந்தார்: பயன்படுத்துபவர்களே விதி வகுத்து, ஒருவர் பங்களிப்பை மற்றவர் பார்க்க முடிந்தால், பொதுவளம் நிலைக்கும்.

பிறர் செய்வதைக் காட்டுவதன் வலிமையை 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்தது. ஓட்டல் அறைகளில் 'சுற்றுச்சூழலைக் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்' என்று எழுதியபோது சுமார் 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். 'இங்கு தங்கும் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்' என்றபோது அது 44 சதவீதமானது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அடுக்ககச் சங்கங்கள் பிறர் செய்வதைக் காட்டும் இந்த வழியைச் செலவில்லாமல் பின்பற்றலாம். கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து நோட்டீஸ் போர்டில் எழுதுங்கள். தூர்வாரிய வீடுகளின் பட்டியலைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். செய்யாதவர்களைத் திட்டிப் பட்டியல் போட வேண்டாம். 'நிறையப் பேர் செய்வதில்லை போலிருக்கிறது' என்ற தவறான செய்தியே அதில் பரவும்.

நாள் குறிக்காத வேலை நடப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதையொட்டி வருகிறது ஆயுத பூஜை. வண்டியையும் கருவியையும் கழுவித் துடைக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. இந்த ஆண்டு அந்தப் பட்டியலில் மொட்டை மாடியையும் வடிகட்டித் தொட்டியையும் சேருங்கள். முடித்ததும் பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்டுங்கள்.