சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குச் சோறா, களியா, கிழங்கா?



"சுகர் வந்ததுலேர்ந்து சோத்தைக் குறைச்சு கேழ்வரகுக் களிதான் குடுத்தோம். இப்போ கிட்னி போச்சு, பொட்டாசியம் ஏறிடுச்சு, களி வேணாம்னு டாக்டர் சொல்றாரு. அப்போ எதைத்தான் குடுக்கிறது?" குழுக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வருகிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. கேழ்வரகு கெட்டதல்ல. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது சத்தான தானியம். களி சாப்பிட்டதால் கிட்னி கெடவில்லை. கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் பெரும்பாலும் காரணம்.

ஏன் மாற்ற வேண்டும்?

உணவில் பொட்டாசியம், பாஸ்பரஸ் என்ற தாது உப்புகள் உள்ளன. உடம்புக்குப் போக மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அது பழுதானால் இரத்தத்திலேயே தங்கிவிடும். பொட்டாசியம் மிக அதிகமானால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து. பாஸ்பரஸ் சேர்ந்தால் எலும்பு பலவீனமாகும், உடம்பு அரிக்கும்.

100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 100 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதே அளவு கேழ்வரகிலும் உருளைக்கிழங்கிலும் 400க்கு மேல். கம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை எல்லாவற்றிலும் அரிசியைவிட அதிகம்தான்.

பொட்டாசியம் ஏறியவருக்கு என்ன கொடுக்கலாம்?

1. சோறு, இடியாப்பம், ரவை உப்புமா, சேமியா கொடுக்கலாம். பானையில் நிறையத் தண்ணீர் வைத்து வடித்த சோறு இன்னும் நல்லது. வடித்த கஞ்சியை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது.

2. கிழங்குக்கு ஆசைப்பட்டால், தோல் சீவி, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பொட்டாசியம் ஓரளவு தண்ணீரோடு போகும். முழுசாகப் போகாது. அதனால் எப்போதாவது, கொஞ்சம் மட்டும். சுட்ட கிழங்கும் சிப்ஸும் வேண்டாம்.

3. அப்பளம், வடகம், பாக்கெட் நூடுல்ஸ் இவற்றில் உப்பு அதிகம். தவிருங்கள். கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பலவற்றில் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

4. சர்க்கரையும் இருந்தால் சோற்றை அளந்து வையுங்கள். எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். பயந்துகொண்டு அடியோடு நிறுத்தவும் வேண்டாம். தெம்புக்குச் சோறு இல்லையென்றால் உடம்பு தன் சதையையே கரைக்கும்.

எல்லோருக்கும் ஒரே பத்தியமா?

இல்லை. ஆரம்ப நிலையில் உள்ள பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். அவர்கள் களியை விட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு நோயாளியின் பத்தியத்தை நம் வீட்டில் வைக்காதீர்கள். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின், பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டரிடம் காட்டிக் கேட்டு, அதன்படி செய்யுங்கள்.

கிட்னி கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிக்க 2023இல் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நம் குழுவில் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் யார் யார்? வரும் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, அவர்களை வருஷம் ஒருமுறை சிறுநீரும் இரத்தமும் பரிசோதிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேர்ந்தே அழைத்துப் போங்கள். வைத்தியச் செலவுக்குக் கடன் வாங்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதும் குழுவின் வேலைதானே!