இணையச் செயலிகளில் நேரமுடிவு: காரணங்களும் கண்டறியும் நெறியும்
(பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிச் சூழலை முன்வைத்து)

முன்னுரை

இன்று தமிழாசிரியரின் பணி வகுப்பறையோடு நிறைவுறுவதில்லை. மாணவர் வருகை, மதிப்பெண், அடைவுநிலை முதலியவற்றை இணையச் செயலிகளில் பதிவதும் அப்பணியின் ஒரு கூறாகிவிட்டது. அவ்வாறு பதியும் வேளையில், திரையில் வட்டம் நெடுநேரம் சுழன்று, இறுதியில் 'நேரம் முடிந்தது' என்னும் அறிவிப்புத் தோன்றுவதை அறியாத ஆசிரியர் இலர் எனலாம். இந்நிலை ஈப்போ நகரப் பள்ளியில் நேர்ந்தால் 'வழங்கி சரியில்லை' என்பர். சுங்கை சிப்புட், பாகான் டத்தோ வட்டாரங்களின் தோட்டப்புறப் பள்ளியில் நேர்ந்தால் 'அங்கே இணையம் மெதுவானது' என்பர். அறிவிப்பு ஒன்றே, விளக்கமோ பள்ளி இருக்கும் இடத்திற்கேற்ப மாறுகின்றது. காரணத்தைத் தவறாகக் கொண்டால் மருந்தும் தவறும். தாமதத்திற்குரிய பழியும் உரியவரல்லாதார்மேல் விழும். ஆகவே, நேரமுடிவு என்பது யாது, அதன் காரணத்தை எவ்வாறு பிரித்தறிவது என்பவற்றை விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

பின்னணி

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 2011ஆம் ஆண்டிலும் இடைநிலைப்பள்ளிகளில் 2012ஆம் ஆண்டிலும் பள்ளிசார் மதிப்பீடு அறிமுகமானது. மாணவர் ஒவ்வொருவரின் அடைவையும் ஆசிரியர் இணையவழிப் பதியவேண்டியிருந்தது. பதிவுத் தளத்தை அணுக இயலாமல் ஆசிரியர்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் விழித்திருந்து பதிந்தனர் என்னும் முறையீடு அந்நாளில் நாடெங்கும் எழுந்தது. 2014ஆம் ஆண்டின் சீரமைப்பில் அவ்விணையப் பதிவு கைவிடப்பட்டு, இணைய இணைப்பின்றிப் பதியும் முறை இடம்பெற்றது. முன்பிருந்த கற்றல் தளம் 2019இல் முடிவுற, 2020இல் 'டெலிமா' அறிமுகமானது. தளங்கள் மாறினும் நேரமுடிவு என்னும் சிக்கலின் இயல்பு மாறவில்லை. மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த பள்ளிகளில், வகுப்பும் நடத்திப் பதிவுப் பணியையும் சுமப்பவர் ஒருசில ஆசிரியரே. அவர்களுக்கு இச்சிக்கல் உறக்கத்தையும் பாட ஆயத்தத்தையும் விழுங்கும் சிக்கலாகும்.

நேரமுடிவு என்பது யாது?

இணையச் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தும்போது உலாவி ஒரு கோரிக்கையை வழங்கிக்கு அனுப்புகின்றது. விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. வரம்பு கடந்ததும் காத்திருந்தவர் காத்திருப்பதைக் கைவிடுகின்றார். இக்கைவிடலே நேரமுடிவு. வேலை நடந்ததா, நடக்கவில்லையா, பாதியில் நிற்கின்றதா என்பது குறித்து அது ஒன்றும் கூறுவதில்லை.

ரப்பர்த் தோட்ட வாழ்வை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். பால்மரம் சீவியோர் வாளிகளுடன் நிறுவைக் கொட்டகைக்கு வருவர். கிராணி ஒருவர் ஒவ்வொரு வாளியாக நிறுத்து ஏட்டில் எழுதுவார். வரிசை நீண்டு நேரமானால் பால் வாளியிலேயே உறைந்து கட்டிப் பாலாகி விலை குறையும். பால் உறையும் நேரமே இங்குக் காத்திருப்பின் வரம்பு. பால் காட்டிலிருந்து கொட்டகைக்கு வரும் பாதையை அகலப்படுத்தினால் வரிசை குறையுமா? குறையாது. எல்லாரும் இன்னும் விரைவாக வந்து வரிசையில் நிற்பர், அவ்வளவே. பாதையும் தராசும் வெவ்வேறு என்பதே நேரமுடிவை ஆராய்வதற்கு அடிப்படையாகும்.

அறிவிப்பு எண்கள் உணர்த்துவன

உலாவிக்கும் தரவுத்தளத்திற்கும் இடையே பல படிகள் உள்ளன: பள்ளியின் இணைப்பு, இணையச் சேவை நிறுவனத்தின் வலையமைப்பு, முகப்பில் நிற்கும் இடைநிலை வழங்கி, செயலியை இயக்கும் வழங்கி, இறுதியாகத் தரவுத்தளம். ஒவ்வொன்றும் தனக்கெனக் கடிகாரம் உடையது. எக்கடிகாரம் முடிந்தது என்பதைத் திரையில் தோன்றும் எண் ஓரளவு காட்டிக்கொடுக்கும். 408 என்பது, கோரிக்கை முழுமையாக வந்து சேருமுன் வழங்கி காத்திருந்து ஓய்ந்ததைக் குறிக்கும். இங்குப் பாதையை ஐயுறலாம். 504 என்பது, இடைநிலை வழங்கி கோரிக்கையைப் பெற்றுக்கொண்டும் உள்ளிருந்து உரிய நேரத்தில் விடை கிடைக்கவில்லை எனக் கூறுவதாகும். 504 தோன்றின், கோரிக்கை பள்ளியைக் கடந்து இடைநிலை வழங்கியை அடைந்துவிட்டது. தாமதம் அதற்கு அப்பால் நேர்ந்தது எனக் கொள்ளலாம். 503 என்பது வழங்கி தற்காலிகமாகப் பணிசெய்ய இயலாத நிலையைச் சுட்டும். எண் ஏதுமின்றி உலாவியே இணைப்புக் கிட்டவில்லை என அறிவித்தால், தொடர்பே ஏற்படவில்லை என்பது பொருள்.

கழிந்த நேரமும் ஒரு சான்றே. என்ஜின்எக்ஸ் என்னும் இடைநிலை வழங்கி உள்வழங்கியின் விடைக்குக் காத்திருக்கும் இயல்பு வரம்பு 60 நொடி. பி.எச்.பி. மொழியில் ஒரு நிரல் இயங்குவதற்கான இயல்பு வரம்பு 30 நொடி. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி அமைப்பில், பூட்டப்பட்ட ஒரு வரிசைக்குக் காத்திருக்கும் இயல்பு வரம்பு 50 நொடி. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நொடியில் அறிவிப்புத் தோன்றினால், எவரோ அமைத்துவைத்த வரம்பு ஒன்று முடிகின்றது என ஊகிக்கலாம். ஒருமுறை 12 நொடியிலும் மறுமுறை 47 நொடியிலும் இணைப்பு அறுந்தால் பாதையை முதலில் ஆராய வேண்டும்.

தொலைவா, வரிசையா?

தோட்டப்புறப் பள்ளி தொலைவில் இருப்பதால் தாமதம் என்னும் கூற்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். செயற்கைக்கோள் வழி இணைப்பையே எடுத்துக்கொள்வோம். புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கோரிக்கை ஏறி இறங்கி, விடையும் ஏறி இறங்கினால் ஏறத்தாழ 143,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் இதற்கு ஆவது அரை நொடிக்கும் சற்றுக் குறைவே. ஒரு பக்கத்தைத் திறக்கப் பத்துமுறை போய்வர நேரினும் ஐந்து நொடிதான். தொலைவு மட்டுமே 60 நொடித் தாமதத்தை விளைவித்தல் அரிது. குறைந்த கொள்ளளவும் இடையில் தகவல் இழப்பும் சேர்ந்தால் பாதையும் காரணமாகலாம். அதனைத் தனியே சோதித்தறிய வேண்டும்.

வரிசையின் இயல்போ வேறு. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் 1909ஆம் ஆண்டில் தொலைபேசி அழைப்புகள் குறித்து வெளியிட்ட ஆய்விலிருந்து வரிசைக் கோட்பாடு வளர்ந்தது. அது தரும் பாடம் வியப்பூட்டுவது. ஒரு கோரிக்கைக்குச் சராசரி அரை நொடி வேலை செய்யும் ஒற்றை வழங்கியைக் கொள்வோம். கோரிக்கைகள் ஒழுங்கின்றி வருமாயின், வழங்கியின் நேரத்தில் பாதி நிரம்பியிருக்கும்போது விடைக்கு ஆகும் சராசரி நேரம் 1 நொடி. 90 விழுக்காடு நிரம்பினால் 5 நொடி. 99 விழுக்காடு நிரம்பினால் 50 நொடி. வேலையின் அளவு மாறவில்லை; நெரிசல் மட்டுமே மிகுந்தது. அவ்வழங்கியால் நொடிக்கு இரண்டு கோரிக்கைகளையே முடிக்க இயலும். நொடிக்கு மூன்று வரத் தொடங்கினால், இரண்டே நிமிடத்தில் 120 கோரிக்கைகள் தேங்கும். கடைசியாக வந்தது 60 நொடி காத்திருக்க நேரும். பதிவுக்கான இறுதிநாள் மாலையில் எல்லாப் பள்ளிகளும் ஒருங்கே நுழைந்தால் நிகழக்கூடியது இதுவே.

இந்நோக்கில், விடியற்காலையில் விழித்துப் பதிந்த ஆசிரியர்களின் பட்டறிவே சிறந்த சோதனையாகும். கணினி அதே, பள்ளி இணைப்பும் அதே. மாலையில் இயலாதது ஐந்து மணிக்கு இயன்றதெனில், மாறியது நெரிசலே. எனினும் கைப்பேசிக் கோபுரம் வழியான இணைப்பாயின் அக்கோபுரமும் மாலையில் நெரிசலுறலாம். ஆகவே அதே மாலை வேளையில் வேறொரு தளத்தையும் திறந்து பார்த்தல் வேண்டும். அது விரைவாகத் திறந்தால் ஐயம் பெரிதும் நீங்கும்.

தரவுத்தளமும் சொல்லடைவும்

நெரிசல் இல்லாத வேளையிலும் நேரமுடிவு நேர்ந்தால் தரவுத்தளத்தை நோக்க வேண்டும். தமிழாய்வாளர்க்குச் சொல்லடைவின் பயன் புதிதன்று. அடைவில்லா நூலில் ஒரு சொல்லைத் தேட முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தரவுத்தளமும் அவ்வாறே. பத்து இலட்சம் பதிவுகளில் அடைவின்றி ஒன்றைத் தேடப் பத்து இலட்சத்தையும் பார்க்க நேரலாம். வரிசைப்படுத்திய அடைவிருப்பின், இருகூறாக்கித் தேடும் முறையில் ஏறத்தாழ இருபது ஒப்பீடுகள் போதும்.

தமிழ்த் தரவுகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. 'மரம்' என்னும் சொல் மரத்தை, மரத்தில், மரங்கள் எனத் திரியும். கூட்டுச்சொற்களில் அது இறுதியிலும் வரும். இவற்றையெல்லாம் பிடிக்கும்பொருட்டுச் சொல்லின் நடுவிலும் தேடும்படி செயலியை அமைத்துவிடுவர். அகரவரிசை சொல்லின் தொடக்கத்தையே பற்றி நிற்பதால், நடுவில் தேடும்போது வழக்கமான அடைவு பயன்படாது. தரவு சிறிதாயிருக்கும்வரை குறை தெரியாது. பெருகியபின் நேரமுடிவாக வெளிப்படும். வேர்ச்சொல் வடிவங்களை முன்னரே பகுத்து அடைவாக்கி வைத்தலே இதற்குரிய தீர்வு. இப்பகுப்பில் தமிழ் இலக்கணம் கற்றோரின் துணை நிரலாளர்க்குத் தேவை.

மறுமுயற்சியின் தீங்கு

அறிவிப்பைக் கண்டதும் மீண்டும் அழுத்துவது இயல்பு. ஆயின் முன்னைய கோரிக்கை வழங்கியில் இன்னும் வரிசையில் நிற்கக்கூடும். கேட்டவர் போய்விட்டதை அறியாது வழங்கி அதற்கும் உழைக்கும். புதியதும் சேர்ந்து வரிசை இரட்டிக்கும். மேலும், பார்ப்பதற்கான கோரிக்கையை மீண்டும் அனுப்புவதால் தரவு கெடாது. பதிவதற்கான கோரிக்கையை மீண்டும் அனுப்பினால் ஒரே மதிப்பெண் இருமுறை பதியக்கூடும். கிராணி எழுதினாரா என்பதை அறியாமல் அதே வாளியை மீண்டும் தராசில் வைப்பதை ஒத்தது இது. ஆகவே முதலில் பதிவாயிற்றா எனப் பார்த்து, பின்னரே மறுமுறை அனுப்புதல் நன்று. செயலியை அமைப்போர் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் ஏற்காதவாறு செய்தல் வேண்டும்.

கண்டறியும் நெறி

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பின்வரும் வரிசையை முன்வைக்கலாம்.

1. ஆசிரியர் குறிக்கவேண்டியவை: நாள், மணி, அறிவிப்பு எண், கழிந்த நொடிகள், அதே வேளையில் வேறு தளம் திறந்ததா என்னும் செய்தி.
2. வழங்கியின் பதிவேட்டில் அக்கோரிக்கை உள்ளதா எனத் தொழில்நுட்பப் பிரிவினர் பார்க்கவேண்டும். அங்கு இல்லையெனில் பாதை, இருப்பின் உள்ளே.
3. உள்ளே எனின், நேரம் வரிசையில் கழிந்ததா, வேலையில் கழிந்ததா எனப் பிரித்தறிய வேண்டும். வரிசையில் எனின் இறுதிநாள்களைப் பள்ளிகளுக்கிடையே பகிர்ந்தமைத்தலும் வழங்கிகளைக் கூட்டுதலும் உதவும். வேலையில் எனின் அடைவு அமைத்தலும் பூட்டுகளை ஆராய்தலும் உதவும்.
4. நெடிய வேலையாயின், கோரிக்கையை ஏற்றதற்குச் சான்றாக ஓர் எண்ணை உடனே கொடுத்து, முடிவைப் பின்னர் அறிவித்தல் சிறந்தது.

காத்திருப்பின் வரம்பை உயர்த்துதல் பலர் முதலில் நாடும் வழி. காரணம் வரிசையாயின் அது வரிசையை மேலும் நீட்டும். ஆகவே இறுதியிலேயே கருதத்தக்கது.

முடிவுரை

நேரமுடிவு, காத்திருந்தவர் எப்போது கைவிட்டார் என்பதை மட்டுமே கூறுவது. ஏன் என்பதைச் சான்றுகள் கொண்டே நிறுவ வேண்டும். பள்ளி தோட்டப்புறத்தில் இருக்கின்றது என்பது அத்தகைய சான்றாகாது. இணைப்பு வேகத்தை உயர்த்துதல் இன்றியமையாததே; ஆயினும் தராசில் உள்ள நெரிசலை அதனால் தீர்க்க இயலாது. ஆசிரியர் எழுதிவைக்கும் நான்கு வரிக் குறிப்பு, தாமதம் யார் பொறுப்பு என்னும் வாதத்தை முடித்துவைத்து, உரிய இடத்தில் சீர்செய்ய வழிவகுக்கும். தமிழ்ப்பள்ளிகள் இக்குறிப்பேட்டைப் பேணத் தொடங்குவது பயனுடையதாகும்.