குழாயின் மேல் ஒரு பெயர்

ஒரு மருத்துவமனை வார்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏழாம் கட்டிலில் ஒரு முருகன். எட்டாம் கட்டிலிலும் ஒரு முருகன். இருவரிடமும் இரத்தம் எடுத்தாயிற்று. பெயர் ஒட்டாத இரு குழாய்களும் ஒரே தட்டில் கிடக்கின்றன. "அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்" என்று விட்டால் என்ன ஆகும்?

இரண்டும் சிவப்பாகத்தான் இருக்கும். எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல யாராலும் இயலாது. சீட்டு மாறிவிட்டால், ஆய்வுக்கூடம் சரியான விடையையே தரும். ஆனால் அது வேறொருவருக்குரிய விடை!

மனித இரத்தம் எல்லோருக்கும் ஒரே வகையன்று என்பதை 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் எடுத்துக்காட்டினார். 'பி' வகையினருக்கு 'ஏ' வகை இரத்தத்தை ஏற்றினால், அவர் உடலிலுள்ள எதிர்ப்பொருள்கள் புதிய சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். சிறுநீரகம் பழுதாகலாம், உயிரே போகலாம். இரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் பார்ப்பார்களே என்கிறீர்களா? அதுவும் அதே மாறிய குழாயைக் கொண்டு நடந்தால், தவறு வெளிப்படாமலே போகும்.

ஆகவே, இரத்தம் எடுப்பவர் "நீங்கள்தானே முருகன்?" என்று கேட்கக்கூடாது. அரைத் தூக்கத்திலிருக்கும் நோயாளி எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, மருத்துவமனை எண்ணுடன் ஒப்பிட வேண்டும். எடுத்தவுடன், கட்டிலருகிலேயே பெயர், எண், தேதி, நேரம் எழுதிய சீட்டை ஒட்ட வேண்டும். மூடியின் மேல் அல்ல, குழாயின் மேல். மூடி மாறக்கூடியது அல்லவா?

எந்தக் குழாய் என்பதும் முக்கியம். ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இரத்தம் உறையாது. அணுக்களை எண்ண இது ஏற்றது. ஆனால் அதிலிருந்து கொஞ்சம் இரத்தத்தை வேறு குழாயில் ஊற்றிச் சோதித்தால், கால்சியம் குறைவாகவும் பொட்டாசியம் மிக அதிகமாகவும் காட்டும். இல்லாத நோய்க்கு மருத்துவம் தொடங்கிவிடும்!

குழாய்க்குள் சென்ற பின்னும் இரத்த அணுக்கள் உயிருடன்தான் இருக்கின்றன. அவை சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். இதைத் தடுக்கவே சாம்பல் நிற மூடிக் குழாயில் சோடியம் புளோரைடு சேர்க்கிறார்கள். அதுவும் முழுமையாக வேலை செய்ய ஓரிரு மணி நேரம் ஆகும். எனவே குழாயை விரைவாக அனுப்புவதே நல்லது.

சீட்டில்லாத குழாயை ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பினால், மறுபடி ஊசி குத்துவார்களே என்று கோபம் வரும். ஆனால் மாறிப்போன விடையைவிட ஓர் ஊசிக்குத்து எவ்வளவோ மேல்.

அடுத்த முறை உங்களிடம் இரத்தம் எடுத்தால், ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் ஒட்டப்படும் சீட்டை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் இருப்பது உங்கள் பெயர்தானா?