கிளாவர் ஏழு எடுக்கும் பிடி

ஏஸும் ராஜாவும் கையில் இருந்தால் பிடி தானாக வரும். பிரிட்ஜ் ஆட்டக்காரரின் கெட்டிக்காரத்தனம் தெரிவது வேறு இடத்தில்: ஏழும் ஐந்துமாக வந்து வாய்த்த ஒரு சோனி இனத்திலிருந்து அவர் என்ன கறக்கிறார் என்பதில்.

இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்கு ஏலம், துருப்பு, பிடி எல்லாம் தெரிந்ததே. பிரிட்ஜில் 52 சீட்டும் உண்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். இங்கே ஜாக்குக்கு மகுடம் கிடையாது. ஏஸ், ராஜா, ராணிக்குப் பிறகுதான் அவன். ஏலம் எடுத்தவர் இத்தனை பிடி என்று வாக்குக் கொடுத்தவர். எதிராளி முதல் சீட்டை இறக்கியதும், ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்த விரித்த கைதான் டம்மி. இனி இரண்டு கைகளையும் ஆடுபவர் ஒருவரே. (இன்றைய புள்ளிக் கணக்கை 1925-ல் ஒரு கப்பல் பயணத்தில் வைத்து வகுத்தவர் அமெரிக்கச் செல்வந்தர் ஹரால்ட் வாண்டர்பில்ட். வேலை வெட்டி இல்லாத பணக்காரர்கள் உலகுக்குச் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.)

ஸ்பேட் துருப்பு, 10 பிடி வாக்கு என்று வைத்துக்கொள்வோம். எண்ணிப் பார்த்தால் 9 தேறுகிறது. டம்மியில் கிளாவர் ஏஸ், 7, 5, 4, 2. நம் கையில் கிளாவர் 8, 3. ராஜா, ராணி, ஜாக் எல்லாம் எதிராளிகளிடம். பத்தாவது பிடி எங்கே?

இந்தக் கிளாவரில்தான். எதிராளிகளிடம் ஆறு கிளாவர் இருக்கின்றன. அவை 3-3 எனப் பிரிந்திருக்க 36 சதவீத வாய்ப்பு. 4-2 எனப் பிரிந்திருக்க 48. நாலு சுற்று கிளாவர் ஆடிவிட்டால் இந்த இரண்டு பிரிவிலும் அவர்களிடம் கிளாவர் தீர்ந்துவிடும். டம்மியில் மிச்சமிருக்கும் 7 அப்போது ராஜாவுக்குச் சமம். 84 சதவீதம் என்பது நல்ல பந்தயம்தான்.

புதிதாக ஆடுபவர் ஏஸைப் பார்த்ததும் இறக்கிவிடுவார். ஆட்டம் போவது அங்கேதான். டம்மிக்குப் போக ஆட்டின் ராஜா ஒரு வழி, துருப்பு ராணி இன்னொரு வழி, வேறு கிடையாது. முதலில் ஏஸ், பிறகு ஒன்றைத் தோற்றால், மூன்றாம் சுற்றை ஆரம்பிக்க டம்மிக்குப் போக வேண்டும். நம் கையில் வெட்டிவிட்டு நாலாம் சுற்றுக்கு மறுபடியும் போக வேண்டும். கடைசியில் 7-ஐ ஆட மூன்றாம் முறை. இருப்பதோ இரண்டு வழி. கிளாவர் 3-3 ஆக இருந்தால்தான் பிழைப்போம். 84 சதவீதம் 36 ஆகிவிட்டது.

அதனால் அனுபவசாலி முதல் சுற்றிலேயே 3-ஐ இறக்கி, டம்மியிலிருந்து 2-ஐப் போட்டு, பிடியை எதிராளிக்கு விட்டுவிடுவார். எப்படியும் தோற்க வேண்டிய பிடிதானே, முன்னாலேயே தோற்றுவிடுவது. அடுத்த முறை 8-ஐ இறக்கி ஏஸை வைக்கும்போது, அந்த ஏஸே நம்மை டம்மியில் கொண்டுபோய் விடுகிறது. உடனே 4, கையில் வெட்டு. ஆட்டின் ராஜா வழியாக டம்மி, 5, மறுபடி வெட்டு. துருப்பு ராணி வழியாக டம்மி, 7. இரண்டு வழியே போதும்.

‘துருப்பை முதலில் எடுத்துவிடு’ என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். இந்தக் கையில் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்தால் ராணி வீணாகும். கிளாவரைக் கிளப்பிவிட்டுத்தான் துருப்பைத் தீர்க்க வேண்டும். அதற்குள் எதிராளியின் கையில் கிளாவர் தீர்ந்து, நம் வெட்டுக்கு மேல் அவர் வெட்டிவிடக் கூடாது; ஆகவே சின்னத் துருப்பால் வெட்டிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

கிளாவரை இப்படி விரட்டி ஆட வேண்டும் என்றால், தொடவே கூடாத இனமும் உண்டு. டைமனில் டம்மிக்கு ராணி, 5, 3. நமக்கு ஜாக், 6, 2. ஏஸ் ஓர் எதிராளியிடமும் ராஜா மற்றவரிடமும் இருந்தால், நாம் ஆரம்பித்து அவர்கள் சரியாக ஆடும்போது மூன்று பிடியும் போகும். அவர்கள் ஆரம்பித்தால் நமக்கு ஒரு பிடி நிச்சயம்: முதலில் நாம் சின்னச் சீட்டைப் போட, மூன்றாவதாக ஆடுபவர் ஏஸையோ ராஜாவையோ செலவழித்தாக வேண்டும், இல்லையென்றால் நம் ஜாக்கோ டம்மியின் ராணியோ பிடித்துவிடும்.

அவர்களாக ஆரம்பிப்பார்களா? மாட்டார்கள், ஆரம்பிக்க வைக்க வேண்டும். துருப்பைத் தீர்த்து, இரண்டு கைகளிலும் துருப்பு மிச்சம் வைத்துக்கொண்டு, ஆட்டினையும் கிளாவரையும் இரு கையிலும் ஒழித்துவிட்டு, அந்த ஒழிப்பின் கடைசிப் பிடியை எதிராளிக்குக் கொடுப்பது. இப்போது அவர் டைமனைத் தொட்டால் நமக்கு லாபம். ஆட்டினோ கிளாவரோ இறக்கினாலும் லாபம்: ஒரு கையில் வெட்டி, மறு கையிலிருந்து ஒரு டைமனைக் கழித்துவிடலாம். பிரிட்ஜில் எனக்கு இதைவிடப் பிடித்த வேலை இல்லை; எதிராளி எதை எடுத்தாலும் நமக்கு வேண்டியதையே எடுக்கிறார்.

கைதேர்ந்த எதிராளி இதை மூன்று நாலு பிடிக்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுவார். தன் கூட்டாளி ஆரம்பித்தால் நஷ்டமில்லாத கையாக இருந்தால், தன்னைப் பிடியில் உட்கார வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஆட்டின் ராணியை வேண்டுமென்றே முந்தைய சுற்றில் வீசி எறிவார், கடைசிப் பிடி தன் கூட்டாளியிடம் போகட்டும் என்று. மேசையில் ராணி காரணமில்லாமல் வந்து விழுந்தால், அவர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம்.