குரல்கள் ஓய்ந்த பின்னும் எஞ்சும் சிரமம்: மனச்சிதைவு நோயில் அறிதிறனை மீட்டெடுத்தல்

“குரல் கேட்பது நின்றுவிட்டது டாக்டர். யார் மேலும் சந்தேகமும் இல்லை. ஆனால் கடைக்கு மூன்று பொருள் வாங்க அனுப்பினால் ஒன்றோடு திரும்பி வருகிறான். குளிக்கப் போனால் துண்டும் கையுமாக அரைமணி நேரம் நிற்கிறான். முதல் வகுப்பில் தேறிய பிள்ளை. இது சோம்பேறித்தனமா, மாத்திரையின் மயக்கமா, இல்லை மூளையே மழுங்கிவிட்டதா?”

மனநலப் புறநோயாளர் பிரிவில் தாய்மார்கள் பல சொற்களில் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அப்போது மகனோ மகளோ பெரும்பாலும் அருகிலேயே தலைகுனிந்து அமர்ந்திருப்பார். ஆகவே விடையை அவருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இது சோம்பேறித்தனம் அன்று. மாத்திரைக்குச் சிறு பங்கு இருக்கலாம். மூளை மழுங்கிவிடவில்லை. நோயின் ஒரு பகுதி இன்னும் ஆறாமல் இருக்கிறது. அதை ஆற்றவும் வழி உண்டு.

நோயின் மூன்று பகுதிகள்

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயில் முதலில் பிறர் கண்ணுக்குப் படுபவை, இல்லாத குரல் கேட்பதும் காரணமற்ற ஐயமும் ஆகும். இரண்டாவது பகுதி, பேச்சும் ஆர்வமும் குறைந்து ஒதுங்கிவிடுதல். மூன்றாவது பகுதியைத்தான் குடும்பத்தினர் பலரும் அறியாமல் இருக்கின்றனர். அதுவே அறிதிறன் குறைவு.

அறிதிறன் என்பது ஒரே திறன் அன்று. கவனத்தை ஒன்றில் நிறுத்துதல், கேட்டதை நினைவில் கொள்ளுதல், சிந்தனையின் வேகம், ஒரு வேலையைப் படிப்படியாகத் திட்டமிடுதல், பிறர் முகக்குறிப்பையும் தொனியையும் புரிந்துகொள்ளுதல் எனப் பல திறன்கள் அதில் அடங்கும். இவற்றுள் அன்றாட வாழ்வை மிகவும் பாதிப்பது, ஒரு செய்தியைச் சற்று நேரம் மனத்தில் ஏந்தி வைத்துக்கொண்டு அதைக் கொண்டு வேலை செய்யும் திறனில் ஏற்படும் குறையாகும். “பால் வாங்கி வா, வரும் வழியில் கரண்ட் பில்லைக் கட்டிவிடு, பாட்டிக்கு மாத்திரையும் வேண்டும்” என்று ஒரே மூச்சில் சொன்னால், தெருமுனையை அடைவதற்குள் இரண்டு செய்திகள் நழுவிவிடுகின்றன. அவர் கேட்காமல் இல்லை, கேட்டது தங்கவில்லை.

நான் செய்த பிழை

இதை நானே தாமதமாகத்தான் முழுமையாக உணர்ந்தேன். மேற்படிப்பை முடித்த புதிதில், கணக்கு எழுதும் பணியில் இருந்த ஓர் இளைஞருக்குச் சிகிச்சை அளித்தேன். குரல்கள் அடங்கின, உறக்கம் சீரானது. மகிழ்ச்சியுடன் ‘பணிக்குத் தகுதியானவர்’ என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். மூன்றே வாரங்களில் வேலையை இழந்து திரும்பி வந்தார். மருந்தை நிறுத்திவிட்டீர்களா என்பதே என் முதல் கேள்வி. “இல்லை சார். அவர்கள் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை” என்றார். அவருடைய நினைவாற்றலையும் கவனத்தையும் நான் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. அறிகுறி அடங்கியதை நலம் திரும்பியதாக எடுத்துக்கொண்டது என் பிழை.

தேய்ந்துகொண்டே போகுமா?

இவ்வச்சத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1890களில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின் இந்நோயை இளமையிலேயே வரும் மனத்தேய்வு என்னும் பொருள்படும் பெயரால் விவரித்தார். எல்லோரும் தேய்வதில்லை என்பதைக் கண்ட சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜென் ப்ளாய்லர், 1908-இல் ஸ்கிசோஃப்ரினியா என்னும் புதிய பெயரை முன்வைத்தார். பெயர் மாறியும் பழைய அச்சம் மாறவில்லை.

இன்று நாம் அறிவது வேறு. அறிதிறன் குறைவு பெரும்பாலும் நோய் வெளிப்படுவதற்கு முன்பே தொடங்கி, முதல் சிகிச்சைக்கு வரும்போதே காணப்படுகிறது. அதன் பிறகு பெரும்பாலோரிடம் அது ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கிறது. முதியோரின் மறதி நோய்போல் ஆண்டுக்காண்டு சரிவதில்லை. சென்னையில் 1981-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்று, முதன்முறையாக நோயுற்ற 90 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களுள் பலர் வேலைக்குச் சென்றதையும் மணவாழ்வு நடத்தியதையும் அது பதிவு செய்துள்ளது. நிலையாக நிற்கும் குறையை நாம் மேலே தூக்க முயலலாம்.

மருந்து எவ்வளவு உதவும்?

1952-இல் குளோர்ப்ரோமசின் பயன்பாட்டுக்கு வந்தது முதல் இன்றுவரை கிடைக்கும் மருந்துகள் குரலையும் ஐயத்தையும் நன்கு அடக்குகின்றன. அறிதிறனில் அவற்றால் விளையும் நன்மை சிறிது. அறிதிறன் குறைவுக்கென்றே ஏற்பளிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. இதனால் மருந்து வீண் என்று எண்ணிவிட வேண்டாம். நோய் மீண்டும் தாக்கினால், பயிற்சியால் பெற்ற முன்னேற்றத்தையும் இழக்க நேரிடும். மருந்து வீட்டின் அடித்தளம். பயிற்சி அதன் மேல் எழும் சுவர்.

பயிற்சிக்கு முன் நீக்கத்தக்க தடைகளை நீக்க வேண்டும். கைநடுக்கத்திற்கும் உடல் இறுக்கத்திற்கும் தரப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடில் என்னும் மாத்திரை நினைவாற்றலைக் குறைக்கக்கூடியது. பலர் தேவை முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கி வருகின்றனர். உறக்க மாத்திரைகளும், தேவைக்கு மேற்பட்ட மருந்தளவும் அவ்வாறே மந்தத்தை உண்டாக்கும். இவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. அடுத்த முறை வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வந்து, “இவை எல்லாம் இன்னும் தேவைதானா?” என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைபாடு, கட்டுக்கடங்காத சர்க்கரை, மனச்சோர்வு, உறக்கக்கேடு, மது, கஞ்சா ஆகியவையும் சிந்தனையை மந்தமாக்கும். இவற்றுள் பலவற்றை எளிய பரிசோதனைகளால் கண்டறியலாம்.

அறிதிறன் மீட்புப் பயிற்சி

அடிபட்ட காலுக்கு இயன்முறைப் பயிற்சி இருப்பதுபோல், கவனத்திற்கும் நினைவுக்கும் சிந்தனைக்கும் பயிற்சி உண்டு. தாளிலோ கணினியிலோ எளிதில் தொடங்கி மெல்ல மெல்லக் கடினமாகும் பணிகளை, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையுடன் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை, சில மாதங்கள் தொடர்ந்து செய்வதே அதன் முறை.

2021-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 130 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 8,851 பேரையும் ஒருங்கே ஆராய்ந்தது. அறிதிறனிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் சிறிய, ஆனால் உறுதியான முன்னேற்றம் காணப்பட்டது. வெறும் கணினி விளையாட்டு போதாது என்பதையும் அது காட்டியது. உடனிருந்து வழிகாட்டும் பயிற்சியாளர், ‘இதை எப்படி நினைவில் வைப்பது’ என்னும் உத்திகளைக் கற்பித்தல், வேலை, சமையல், பயணம் போன்ற வாழ்க்கைப் பயிற்சியுடன் இணைத்தல் ஆகியவை சேர்ந்தபோதே பயன் மிகுந்தது. குறைவாகப் படித்தவர்களும், நோய் சற்றுக் கடுமையாக உள்ளவர்களும் இதனால் நன்கு பயன் பெற்றனர். “படிக்காத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று தயங்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் வீட்டிலேயே செய்யத்தக்க முறையையும் உருவாக்கியுள்ளது. கலந்து வைத்த தானியங்களை வகைப்படுத்திப் பிரித்தல் அதில் ஒரு பயிற்சி. செலவில்லாதது, கவனத்தையும் வேகத்தையும் வளர்ப்பது.

உடற்பயிற்சியும் ஒரு மருந்தே. 2017-இல் வெளியான தொகுப்பாய்வு, 385 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளை ஆராய்ந்து, மூச்சு வாங்கும் அளவு செய்யும் பயிற்சி இந்நோயாளர்களின் அறிதிறனை உயர்த்துகிறது என்று கண்டது. உடன் ஒருவர் இருந்து செய்வித்தபோது பலன் கூடியது. ஆகவே “நட” என்று சொல்வதினும் “வா, சேர்ந்து நடப்போம்” என்பது சிறந்த சிகிச்சை.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லுங்கள். சொன்னதை அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். இரண்டாவது, நினைவின் சுமையைத் தாளுக்கு மாற்றுங்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சிறு நோட்டு, அலைபேசியில் அலாரம், கிழமை வாரியான மாத்திரைப் பெட்டி, சாவிக்கு ஒரே ஆணி. இவற்றைக் குறைபாட்டின் அடையாளமாகக் கருத வேண்டாம். கண்ணாடி அணிவது போன்றவையே. பட்டியலை நோயாளர் தம் கையால் எழுதுவது நல்லது.

மூன்றாவது, வேலையைப் படிகளாகப் பிரித்துக் கொடுங்கள். ‘சமையல் செய்’ என்பது பெரிய மலை. ‘அரிசியைக் களை’ என்பது ஒரு படி. முதல் படி பிழையின்றிப் பழகிய பின் அடுத்த படியைச் சேர்க்கலாம். நான்காவது, நாள்தோறும் அதே நேரத்தில் 20 நிமிடம் பயிற்சி செய்யுங்கள். செய்தித்தாளின் ஒரு பத்தியில் ‘க’ எழுத்தை மட்டும் வட்டமிடுதல், படித்த செய்தியை இரண்டு வரியில் திருப்பிச் சொல்லுதல், கடைக்கணக்கை மனத்தால் கூட்டிப் பார்த்தல் என எதுவாகவும் இருக்கலாம். சோர்வு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாவதே மிக முக்கியமானது. குறை கூறுவதை விடுங்கள். நோயாளரை இடைவிடாமல் கடிந்துகொள்ளும் வீடுகளில் நோய் மீண்டும் தாக்குவது மிகுதி என்பதை, இலண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய குழுவினரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. “எத்தனை முறை சொல்வது?” என்னும் சலிப்பு இயல்பானதே, அதைச் சுமக்கும் தாய்க்கும் மனைவிக்கும் ஓய்வு தேவை. அச்சலிப்பை எங்களிடம் வந்து சொல்லுங்கள். அவரிடம் சொல்வதால் நினைவாற்றல் வளராது.

எதை எதிர்பார்க்கலாம்?

இழந்தது அனைத்தும் திரும்பும் என்று உறுதி கூற இயலாது. முன்னேற்றம் வாரக் கணக்கில் தெரியாது. மாதக் கணக்கில் தெரியும். எனவே அவரை அவருடைய பழைய மதிப்பெண்களோடோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடோ ஒப்பிடாமல், மூன்று மாதத்திற்கு முன் இருந்த நிலையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வேலையை இழந்து திரும்பிய அந்த இளைஞருக்குப் பின்னர் முறையாகச் சோதனை செய்தோம். தேவையற்ற மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம். ஓராண்டுக்கு மேல் பயிற்சி அளித்தோம். பழைய பணிக்கு அவர் திரும்பவில்லை. உறவினரின் இரும்புச் சாமான் கடையில் சரக்கு இருப்புப் பதிவேட்டை எழுதி வருகிறார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். யார் எதைச் சொன்னாலும் “ஒரு நிமிஷம்” என்று குறித்துக்கொண்டு பிறகே நகர்வார். மாதம் ஒருமுறை மருந்து வாங்கத் தனியாகவே பேருந்தில் வருகிறார். அவருடைய தாய் இப்போதெல்லாம் உடன் வருவதில்லை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு அறிகுறிகள் அடங்கிய பின்னும் இத்தகைய சிரமம் நீடித்தால், அடுத்த முறை வரும்போது அதையே முதலில் சொல்லுங்கள். எந்த வேலையில், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைக் குறித்து வாருங்கள். “குரல் நின்றுவிட்டதா?” என்று மட்டும் கேட்டு நாங்கள் உங்களை அனுப்பிவிடாதபடி, அந்தத் தாள் எங்களுக்கும் நினைவூட்டும்.